வெட்டிவேரும் எலும்பு மாத்திரையும்: எப்.பி.பி.எஸ். நொதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். வாரம் ஒரு முறை விழுங்கும் எலும்பு மாத்திரையை வாங்க வருகிற பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பார்மசியோ உயிர்வேதியியலோ படிக்கிறவர்கள் வந்தால் கேள்வி மாறும்: அந்த மாத்திரை எந்த நொதியைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த நொதிக்கு உடம்பில் வேறு என்ன வேலை என்று கேட்பார்கள். இருவருக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கார வேண்டும் என்பது, உள்ளே நடப்பது தெரிந்தால் தானாகவே புரியும்.

பெயரே வாயில் நுழையவில்லை. இது என்ன நொதி?

முழுப்பெயர் ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் சிந்தேஸ். எப்.பி.பி.எஸ். என்று சுருக்கிக்கொள்வோம். ஐந்து கார்பன் கொண்ட சிறு துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பதினைந்து கார்பன் சரமாக்குவது இதன் வேலை. முதலில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பத்து. அதை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு துண்டைச் சேர்த்துப் பதினைந்து. அதோடு நிறுத்திவிடும். அந்தப் பதினைந்து கார்பன் சரத்துக்குத்தான் ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் என்று பெயர்.

இப்படி ஐந்தைந்தாகக் கோத்து உருவாகும் பொருள்கள் எல்லாவற்றையும் ஐசோபிரீனாய்டுகள் என்பார்கள். கற்பூரம், கேரட்டின் நிறம், ரப்பர் பால், கொலஸ்ட்ரால், வைட்டமின் ஏ என்று பல்லாயிரக்கணக்கில் போகும் குடும்பம் அது. பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கார்பனை எண்ணினால் உறவு தெரிந்துவிடும்.

வெட்டிவேரை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

ஏனென்றால் இந்த நொதி செய்யும் வேலையை மூக்கால் தெரிந்துகொள்ள நம் மாவட்டத்தில் அதைவிட நல்ல வழி இல்லை. கடலூரிலிருந்து தெற்கே கடலோர மணல் நிலங்களில் வெட்டிவேர் பயிராகிறது. தோண்டியெடுத்து, மணலை உதறி, அலசிக் காயவைத்த வேரில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். முதல் மழை விழுந்த மண்வாசனையும் பழைய மரப்பெட்டியின் வாசனையும் கலந்து வரும். பூவின் மணம்போல உடனே பறந்துவிடாது. வேரைக் கீழே வைத்த பிறகும் வெகுநேரம் கையில் நிற்கும்.

அந்த மணத்துக்குக் காரணமான குசிமால், வெட்டிவோன் போன்றவை எல்லாம் பதினைந்து கார்பன் கூட்டைக் கொண்டவை. வேரின் செல்லுக்குள் எப்.பி.பி.எஸ். கோத்துக் கொடுத்த சரத்தை வேறு நொதிகள் மடித்துச் சுருட்டி இந்த வடிவங்களாக்குகின்றன. மூலக்கூறு பெரிதாக இருப்பதால் மெதுவாகத்தான் ஆவியாகிறது. கையில் மணம் நிற்பது அதனால்தான். கற்பூரமும் ஓமத்தின் தைமாலும் எலுமிச்சைத் தோலின் லிமோனீனும் பத்து கார்பன் ரகம். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் கரைந்து காணாமல் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

மஞ்சள்கிழங்கின் வாசனையான டர்மரோன், இஞ்சியின் ஜிஞ்சிபெரீன், சந்தனத்தின் சாண்டலால் ஆகியவையும் பதினைந்து கார்பன்தான். மஞ்சளின் நிறத்தைத் தரும் குர்குமின் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது வேறு பாதையில் வருவது. மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஃபார்னசைல் என்ற பெயரே ஒரு பூவிலிருந்து வந்ததுதான். உருண்டை உருண்டையாக மஞ்சள் பூ பூக்கும் கஸ்தூரி வேல மரத்தின் அறிவியல் பெயரில் ஃபார்னேசியானா என்று வரும். ரோமில் ஃபார்னேசே குடும்பத்தாரின் தோட்டத்தில் வளர்ந்த மரம் என்பதால் அந்தப் பெயர். அதன் பூவெண்ணெயில் இருக்கும் மணப்பொருள் ஃபார்னசால். அதில் பாஸ்பேட் இரண்டை ஒட்டினால் நம்முடைய சரம்.

நம் உடம்பில் அந்தச் சரம் எங்கே போகிறது?

இங்கேதான் இந்த நொதியின் முக்கியத்துவம் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரிக்கு, சிதம்பரத்துக்கு, விருத்தாசலத்துக்கு என்று வண்டிகள் பிரிவதுபோல, இந்தப் பதினைந்து கார்பன் சரத்திலிருந்து பல பாதைகள் பிரிகின்றன.

பெரிய பாதை கொலஸ்ட்ராலுக்குப் போவது. இரண்டு சரங்களைச் சேர்த்தால் முப்பது கார்பன் கொண்ட ஸ்குவாலீன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் சுறாவை அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் ஈரல் எவ்வளவு பெரியது, எப்படி எண்ணெய் கசியும் என்று தெரியும். ஸ்குவாலீன் முதன்முதலில் சுறா ஈரல் எண்ணெயில்தான் கண்டறியப்பட்டது. பெயரும் ஸ்குவாலஸ் என்ற சுறா இனத்தின் பெயரிலிருந்து வந்தது. மற்ற மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. தண்ணீரைவிட இலேசான ஈரல் எண்ணெய்தான் அது மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நம் ஈரலிலும் ஸ்குவாலீன் உண்டாகிறது, ஆனால் தேங்குவதில்லை. வளையங்களாக மடிந்து 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலாகிவிடுகிறது. செல்லின் சவ்வு, பித்த அமிலங்கள், ஆண் பெண் ஹார்மோன்கள், வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி எல்லாம் இந்த வழி வந்தவை.

இன்னொரு பாதையில் யூபிக்வினோன் என்ற கோ-கியூ-10. பெயரில் இருக்கும் பத்து, ஐந்து கார்பன் துண்டுகள் பத்து கோத்த வாலைக் குறிக்கும். செல் தன் ஆற்றலை எடுக்கும் இடத்தில் எலக்ட்ரான்களைச் சுமப்பது அதுதான். டாலிகால் என்று இன்னும் நீளமான ஒரு சரம் உண்டு. புரதங்களில் சர்க்கரைக் கொத்துகளை ஒட்டுவதற்கு அது வேண்டும்.

கடைசிப் பாதை, நோயோடு அதிகம் தொடர்புள்ளது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சில சிறு புரதங்கள் சவ்வில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். எண்ணெய்ப்பசையான வால் ஒன்று இருந்தால்தான் ஒட்டும். ராஸ் என்ற புரதத்துக்குப் பதினைந்து கார்பன் வால். ரோ, ராக், ராப் என்பவற்றுக்கு அதோடு இன்னொரு துண்டு சேர்ந்த இருபது கார்பன் வால். எப்.பி.பி.எஸ். நின்றால் இரண்டு வாலும் கிடைக்காது.

இத்தனை பாதைகளுக்கும் தலைவாசல் இது என்பதால்தான் இந்த நொதியின் ஜீனை ஈஸ்டில் நீக்கினால் அந்தச் செல் பிழைப்பதில்லை.

ஐந்து கார்பன் துண்டு எங்கிருந்து வருகிறது?

சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும்தான். இரண்டுமே உடம்பில் அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் நிலைக்கு வரும். மூன்று அசிட்டைல் துண்டுகள் சேர்ந்து, மெவலோனேட் என்ற பொருளாகி, ஒரு கார்பனை இழந்து ஐந்து கார்பன் துண்டாகிறது. கொலஸ்ட்ராலின் ஒவ்வொரு கார்பனும் அசிட்டேட்டிலிருந்து வருவதைக் காட்டிய கான்ராட் பிளாக்குக்கும், அந்த ஐந்து கார்பன் துண்டின் உயிர்ப்புள்ள வடிவத்தைக் கண்டறிந்த ஃபியோடர் லூனனுக்கும் 1964-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதற்கு முன்பே 'இயற்கை ஐந்தைந்தாகக் கோக்கிறது' என்ற விதியை வளர்த்தெடுத்த லியோபோல்ட் ருசிக்கா 1939-ல் வேதியியல் நோபல் பெற்றவர்.

தேர்வுக்குக் கேட்கிறேன்: பதினைந்தோடு நிறுத்த வேண்டும் என்று நொதிக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. எப்.பி.பி.எஸ். இரண்டு ஒரே மாதிரிப் பாதிகள் சேர்ந்தது. ஒவ்வொரு பாதியும் சுருள்கம்பிகளை நிற்கவைத்துக் கட்டியது போன்ற அமைப்பு. நடுவே ஆழமான குழி. குழியின் வாயில் ஆஸ்பார்டேட் அமினோ அமிலங்கள் இரண்டு கூட்டமாக எதிரெதிரே நிற்கின்றன. அவை மூன்று மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ள, அந்த மெக்னீசியம்கள் துண்டின் பாஸ்பேட் முனையைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் கழன்றதும் மிச்சமிருக்கும் கார்பன் முனை நேர்மின்னேற்றத்தோடு தவிக்கும். பக்கத்தில் காத்திருக்கும் இரண்டாவது துண்டின் இரட்டைப் பிணைப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு புரோட்டான் விலகினால் பத்து கார்பன் சரம் தயார். அதே இடத்தில் அதே கதை இன்னொரு முறை.

சரம் வளர வளர அதன் வால் குழிக்குள் இறங்கும். அடியில் ஃபீனைல்அலனின் என்ற பருத்த அமினோ அமிலங்கள் இரண்டு தரைபோல அடைத்துக்கொண்டிருக்கின்றன. பதினைந்தாவது கார்பனில் வால் தரையைத் தொட்டுவிடும், அதற்குமேல் இடமில்லை. கோழியின் நொதி வடிவம் 1994-ல் படிகத்தின் வழியாகத் தெரிந்தபோது இது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு அந்த இரண்டையும் சிறிய அமினோ அமிலங்களாக மாற்றிப் பார்த்தார்கள். தரை கீழே இறங்கியது, நொதி இன்னும் நீளமான சரங்களைக் கோக்க ஆரம்பித்தது. அளவுகோல் என்று தனியாக எதுவும் இல்லை, குழியின் ஆழமே அளவு.

மனித நொதிக்கான ஜீன் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் பெயர் எப்.டி.பி.எஸ். இரண்டு பெயரையும் பார்த்து வேறு வேறு என்று நினைக்க வேண்டாம்.

எலும்பு மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எலும்பு கட்டடம்போல அசையாமல் நிற்பதில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அமிலம் சுரந்து அரித்தெடுக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு முந்திக்கொள்ளும். எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகும். இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ், தமிழில் எலும்புப்புரை.

இதற்குத் தரும் அலண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் எல்லாம் பிஸ்பாஸ்போனேட் வகை. நம் உடம்பில் இயல்பாக இருக்கும் பைரோபாஸ்பேட்டின் சாயலில் செய்தவை. நடுவில் ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் இருப்பதால் உடம்பால் வெட்ட முடியாது. 1960-களில் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடன் இருந்தவர்களும் இந்த வகையை எலும்புக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே போனதும் இந்த மருந்து நேராக எலும்பின் கால்சியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அரிக்க வரும் ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்போடு சேர்த்து மருந்தையும் விழுங்கும். செல்லுக்குள் போன மருந்து எப்.பி.பி.எஸ். குழியில், அந்த மூன்று மெக்னீசியம் அயனிகள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு நடப்பது மேலே சொன்னதுதான். சரம் இல்லை, அதனால் இருபது கார்பன் வாலும் இல்லை. ராப், ரோ புரதங்கள் சவ்வில் ஒட்ட முடியாமல் தவிக்கும். எலும்பை அரிப்பதற்காக ஆஸ்டியோகிளாஸ்ட் விரித்து வைத்திருக்கும் சுருக்கங்கள் நிறைந்த விளிம்பு சரிந்துவிடும். அரிப்பு குறையும்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அலண்ட்ரோனேட் அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி பெற்றுவிட்டது. அது பிடிப்பது எப்.பி.பி.எஸ்.-ஐ என்று தெளிவானது 1990-களின் கடைசியில்தான். மருந்து முன்னே போய்விட்டது, விளக்கம் பின்னால் வந்தது.

ஏன் வெறும் வயிறு? ஏன் அரைமணி உட்கார வேண்டும்? கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?

இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் பி.பார்ம் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அடுப்படியில் மணை தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் பார்த்து, வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிய கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆயாவுக்குக் காலையில் எழுந்ததும் காபி வேண்டும். அரை தம்ளர் காபியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் மறுபடி சாய்ந்துவிடும். மூன்றாவது வாரம் சோறு இறங்கவில்லை. நெஞ்சுக்குழியில் நெருப்புப் பிடித்தமாதிரி இருக்குதுடா என்று புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் புண். அந்தப் புண் ஆற வாரக்கணக்கானது. ஆயாவுக்கு அதற்குப் பிறகு மாத்திரை என்றாலே பயம். இன்று என் கடையிலிருந்து அந்த அட்டை பேச்சில்லாமல் வெளியே போவதில்லை என்றால் அதற்கு ஆயாவின் அந்த முகம்தான் காரணம்.

வாயால் சாப்பிடும் இந்த மருந்தில் நூறில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. எலும்பின் கால்சியத்தைத் தேடி ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மருந்து, வயிற்றில் பாலின் கால்சியத்தைப் பார்த்தாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு அது இரத்தத்துக்குள் போகாது. காபி, டீ, பால், சத்துமாவுக் கஞ்சி எது இருந்தாலும் மாத்திரை வீண். படுத்துவிட்டால் அது தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் தங்கிப் புண்ணாக்கும்.

ஆகவே எழுந்ததும், எதையும் வாயில் போடுவதற்கு முன், ஒரு பெரிய தம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு முழுசாக விழுங்குங்கள். மெல்லவும் வேண்டாம், சப்பவும் வேண்டாம். குறைந்தது அரைமணி நேரம் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ இருங்கள். ஏதாவது சாப்பிடும் வரை படுக்க வேண்டாம். மாதம் ஒரு முறை சாப்பிடும் ஐபாண்ட்ரோனேட்டுக்கு ஒரு மணி நேரம். கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டோடு போதும். ஞாயிறு மறந்துவிட்டால் நினைவு வந்த மறுநாள் காலை ஒன்று போட்டுவிட்டு, அடுத்த வாரம் வழக்கம்போல ஞாயிறே. ஒரே நாளில் இரண்டு போடக் கூடாது.

நெஞ்செரிச்சலோ விழுங்க வலியோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

முட்டி தேய்மானத்துக்கு இது கேட்குமா?

கேட்காது. நம் பேச்சில் இரண்டுக்கும் 'எலும்பு தேய்மானம்' என்றே சொல்கிறோம், அதனால் வரும் குழப்பம் இது. முட்டியில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. வலி இருக்கும், நடந்தால் கடகடக்கும். எலும்புப்புரையில் முறியும் வரை வலியே இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையை முட்டி வலிக்கு வாங்கிப் போடாதீர்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற கணக்கு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தாலோ, இலேசான அடியில் எலும்பு முறிந்தாலோதான் மருத்துவர் இதை யோசிப்பார்.

வருடம் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அது சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம். சிரை வழியாகக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஏற்றுவார்கள். பெரிய ஆய்வு ஒன்றில் மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதமும் குறைத்த மருந்து இது.

முதல் ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலோ உடம்பு வலியோ இதுபோன்ற தொல்லையோ வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். காரணம் அழகானது. நொதி நின்றுவிட்டதால், அது கோக்க வேண்டிய ஐந்து கார்பன் துண்டுகள் செல்லில் குவிகின்றன. நம் இரத்தத்தில் காமா-டெல்டா டி செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. கிருமிகள் செய்யும் இதே மாதிரித் துண்டுகளைக் கண்டால் கூச்சல் போடுவது அவற்றின் வேலை. துண்டு குவிந்ததும் கிருமி வந்துவிட்டதென்று நினைத்துக் காய்ச்சலைக் கிளப்பிவிடுகின்றன. பாரசிட்டமால் போதும். அடுத்த வருடத்து ஊசிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆனால் ஊசிக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழ் இருந்தால் இந்த ஊசி கூடாது. வைட்டமின் டி மிகக் குறைவாக இருக்கும்போது போட்டால் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடும்.

தாடை அழுகிவிடும் என்கிறார்களே?

இருக்கிறது, ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் அளவில் மிக அரிது. புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கு இதே மருந்தை அடிக்கடி, மொத்தத்தில் மிக அதிகமாகத் தரும்போதுதான் இது கூடுதலாகத் தெரிகிறது. 2003-ல் இதைப் பற்றிய முதல் எச்சரிக்கை வந்தது. ஆகவே மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்பே சொத்தைப் பல்லைக் கவனித்துவிடுங்கள். பிறகு பல் பிடுங்க நேர்ந்தால் பல் மருத்துவரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பயந்துகொண்டு நீங்களே நிறுத்திவிட வேண்டாம். மாத்திரையால் தாடை கெடுவதைவிட, மாத்திரை இல்லாமல் இடுப்பு முறிவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பல வருடம் சாப்பிட்டவர்களுக்குத் தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி தொடர்ந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தொடையெலும்பு வழக்கத்துக்கு மாறாக முறிவதற்கு முன் இப்படி வலிப்பதுண்டு.

எத்தனை வருடம்?

மாத்திரையானால் ஏறக்குறைய ஐந்து, ஊசியானால் மூன்று வருடத்தில் மருத்துவர் மறுபடி கணக்குப் போடுவார். ஆபத்து குறைவென்றால் இடைவெளி விடலாம். எலும்பில் ஒட்டிய மருந்து பல வருடம் அங்கேயே தங்கிச் சிறிது சிறிதாக வெளிவரும் என்பதால் இது முடிகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி வேறு வகை. அதற்கும் எப்.பி.பி.எஸ்.-க்கும் தொடர்பில்லை. அதைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்புகள் வரிசையாக முறிய வாய்ப்புண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணி இடைவெளி விட்டுவிடாதீர்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டும் மோதாதா?

மோதாது. ஸ்டாட்டின் மாத்திரை இதே பாதையில் மிகவும் முன்னால், மெவலோனேட் உண்டாகும் படியில் தடுக்கிறது. 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து எடுத்த காம்பாக்டினில் தொடங்கிய கதை அது. ஸ்டாட்டின் பெரும்பாலும் ஈரலுக்குப் போகிறது, பிஸ்பாஸ்போனேட் எலும்புக்குப் போகிறது. ஒரே ஆற்றில் இரண்டு இடத்தில் அணை என்றாலும், ஒன்று வேறொன்றுக்கு மாற்றாகாது. எலும்பு மாத்திரையால் கொலஸ்ட்ரால் குறையும் என்றும் நினைக்காதீர்கள்.

புற்றுநோயில் இதற்குப் பங்கு உண்டா?

ராஸ் புரதம் கெட்டுப்போய் 'வளர், வளர்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது பல புற்றுநோய்களின் வேர். அதன் பதினைந்து கார்பன் வாலை ஒட்டும் நொதியைத் தடுத்தால் ராஸ் அடங்கும் என்று 1990-களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மருந்தும் வந்தது. ஆனால் கே-ராஸ் என்ற வகை, பதினைந்து கிடைக்காவிட்டால் இருபது கார்பன் வாலை மாட்டிக்கொண்டு தப்பித்துவிட்டது.

அந்த உழைப்பு வீணாகவில்லை. அதே வகை மருந்தான லோனாஃபார்னிப், பிள்ளைகள் பத்து வயதிலேயே முதுமையடையும் புரோஜீரியா என்ற அரிய நோய்க்கு 2020 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் பிள்ளைகளின் செல்லில் ஒரு புரதம் இந்தப் பதினைந்து கார்பன் வாலைக் கழற்ற முடியாமல் உட்கருவின் சுவரிலேயே ஒட்டிக்கிடந்து அதைச் சிதைக்கிறது. வால் ஒட்டுவதைத் தடுப்பது அவர்கள் ஆயுளைக் கூட்டுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் வந்தால், பிஸ்பாஸ்போனேட் சேர்ப்பது எலும்பில் நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்று 2015-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

இந்த ஜீனே கெட்டுப்போனால்?

முழுவதும் கெட்டால் கரு நிலைக்காது. இரண்டு பிரதியில் ஒன்று கெட்டால் போரோகெரட்டோசிஸ் என்ற தோல்நோய் வரலாம். வெயில் படும் கைகால்களில் மெல்லிய வரப்புக் கட்டிய வட்டங்களாகத் தெரியும். படர்தாமரை என்று பலர் களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள். மெவலோனேட் பாதையின் நான்கு ஜீன்களில் ஏதாவது ஒன்றில் கோளாறு என்று 2015-ல் தெரிந்தது. அதில் எப்.டி.பி.எஸ்.-ம் ஒன்று. கொலஸ்ட்ராலும் ஸ்டாட்டினும் கலந்த களிம்பைத் தடவிப் பார்த்ததில் பலருக்குக் குறைந்திருக்கிறது. பாதையின் கடைசியில் கிடைக்காததைக் கொடுத்து, நடுவில் தேங்குவதைக் குறைக்கும் யோசனை.

மலேரியா, கொசு, இவற்றுக்கும் இந்தப் பாதைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. மலேரியாக் கிருமி ஐந்து கார்பன் துண்டை நம்மைப்போல மெவலோனேட் வழியாகச் செய்வதில்லை. பாக்டீரியாவும் செடியின் பசுங்கணிகமும் பின்பற்றும் வேறொரு வழியை, அப்பிகோபிளாஸ்ட் என்ற தன் உறுப்புக்குள் வைத்திருக்கிறது. 2011-ல் ஒரு சோதனையில் அந்த உறுப்பையே இழக்கச் செய்து, ஐந்து கார்பன் துண்டை மட்டும் வெளியிலிருந்து ஊட்டினார்கள். இரத்தச் சிவப்பணுவில் இருந்த கிருமி பிழைத்துக்கொண்டது. அந்த உறுப்பை அது வைத்திருப்பதே இந்தத் துண்டுக்காகத்தான் என்று ஆயிற்று. மலேரியாவைக் குணமாக்கும் ஆர்ட்டிமிசினின்கூட, மருக்கொழுந்தின் உறவான ஒரு செடியில் எப்.பி.பி.எஸ். கோத்த பதினைந்து கார்பன் சரத்திலிருந்து பிறப்பது.

கொசுவுக்கு வருவோம். பூச்சிகள் கொலஸ்ட்ராலைத் தாமே செய்துகொள்ள முடியாது. பாதை ஸ்குவாலீன் பக்கம் போகாது. ஆனால் எப்.பி.பி.எஸ். இருக்கிறது. அதன் சரத்திலிருந்து இளம்பருவ ஹார்மோனைச் செய்கின்றன. அது இருக்கும்வரை புழு புழுவாகவே இருக்கும். அந்த ஹார்மோன்போல நடிக்கும் மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் போன்றவற்றைத் தேங்கிய நீரில் இட்டால் புழு கூட்டுப்புழுவாகி, அதற்குமேல் கொசுவாக முடியாமல் செத்துவிடும். யானைக்கால் நோய் நிறைந்திருந்த புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கொசுவைப் புழுவிலேயே பிடிக்கும் வேலையையும் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது உள்ளே நடப்பது இன்னதென்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மாத்திரைத் தாளில் 'மினரல் வாட்டர் வேண்டாம்' என்று போட்டிருக்கிறது. நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

அங்கே சொல்வது, கால்சியம் நிறைந்த ஊற்றுநீரை. நம் ஊரில் மினரல் வாட்டர் என்று கேனில் வருவது ஆர்.ஓ. முறையில் வடிகட்டியது, அதில் கால்சியம் மிகக் குறைவு. தாராளமாக அதோடு விழுங்கலாம். கவனிக்க வேண்டியது போர் தண்ணீரைத்தான். பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிற அளவு கடினமான தண்ணீர் என்றால், மாத்திரைக்கு மட்டும் வடிகட்டிய நீர் ஒரு தம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர்தான் எங்கள் வீட்டில். அதோடு போடலாமா?

போன சித்திரையில் ஒரு பெரியம்மா கேட்டது இது. மாத்திரைக்கு வெறும் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர்தான். வேர், சீரகம், துளசி எதுவும் ஊறியது வேண்டாம். சனிக்கிழமை இரவே ஒரு சொம்பில் தனியாகத் தண்ணீர் எடுத்து மூடி, மாத்திரை அட்டையைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள் என்றேன். அரைமணி கழிந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு பானையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம்.